தடயச் சான்றும் நாவல் நயமும்: படிப்போர் தீர்ப்புப் பற்றிய ஓர் ஆய்வு

1. முன்னுரை

நூலொன்றைப் படித்தோர் அதைப் பற்றிக் கூறும் கருத்துகள் திறனாய்வு என்னும் பெயருக்கு உரியனவா என்பது இலக்கிய ஆராய்ச்சியில் நெடுநாளாக நின்றுவரும் வினாவாகும். பழந்தமிழ் நூல்களுக்கு உரையாசிரியர் உளர். அவர்தம் உரை வழியே அந்நூல்களின் பெருமை விளங்கி வந்துள்ளது. துப்பறியும் நாவல் போன்ற அண்மைக்கால இலக்கிய வகைக்கோ உரையாசிரியர் இலர். படிப்போர் மட்டுமே உளர். அவருள் ஒருவர், கதை விறுவிறுப்பாகச் செல்கின்றது என்பார். மற்றொருவர், முடிவை முன்னரே உணர்ந்துவிட்டேன் என்பார். மருத்துவம் கற்ற ஒருவர், இந்த நஞ்சு இவ்வாறு கொல்லாது என்பார். இம்மூன்று கூற்றும் ஒரே தன்மையன அல்ல. முதலாவது சுவை பற்றியது. இரண்டாவது அமைப்புப் பற்றியது. மூன்றாவது உண்மை பற்றியது. இவற்றைப் பிரித்தறியாமல் ஒன்றாகக் கூட்டி, படிப்போர் விரும்பினர் என்றோ வெறுத்தனர் என்றோ முடிவு கட்டுதல் ஆராய்ச்சி நெறி ஆகாது.

தடய அறிவியலை அடிப்படையாகக் கொண்ட நாவலில் மூன்றாம் வகைக் கூற்றுத் தனிச் சிறப்புடையதாகின்றது. அத்தகைய நாவலில் கொலை நிகழ்ந்த முறையும் குற்றவாளி அகப்படும் முறையும் அறிவியல் உண்மை ஒன்றனைத் தூணாகக் கொண்டு நிற்கின்றன. அவ்வுண்மை பொய்யாயின் நாவலும் உடன் வீழுமா? அன்றி, நாவலைத் தாங்குவது வேறொன்று உண்டா? இவ்வினாவிற்கு விடை காண, 1930-இல் வெளிவந்த 'தி டாக்குமென்ட்ஸ் இன் தி கேஸ்' என்னும் ஆங்கில நாவலை எடுத்துக்கொண்டு ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும். 'வழக்கின் ஆவணங்கள்' என்பது அப்பெயரின் பொருள். டாரதி சேயர்ஸ் என்னும் அம்மையாரும், இராபர்ட் யூஸ்டஸ் என்னும் புனைபெயர் கொண்ட மருத்துவர் ஒருவரும் இணைந்து அதனை இயற்றினர்.

2. உண்மை நாடும் படிப்போர்

துப்பறியும் நாவலைப் படிப்போர் அதன் அறிவியற் செய்திகளைச் சோதித்துப் பார்ப்பது புதுவது அன்று. அவ்வகை தோன்றிய காலந்தொட்டே அது நிகழ்ந்து வருகின்றது. வில்கி காலின்ஸ் 1868-இல் வெளியிட்ட 'தி மூன்ஸ்டோன்' என்னும் நாவலில், அபினி உண்டவன் தன்னை அறியாது செய்த செயலை மீண்டும் செய்து காட்டும் சோதனை ஒன்று வருகின்றது. அச்சோதனைக்குரிய செய்திகளை நூல்களிலிருந்தும் அறிந்தோரிடமிருந்தும் கேட்டுத் தெளிந்த பின்னரே எழுதியதாக ஆசிரியர் முன்னுரையில் கூறிச் செல்கின்றார். படிப்போர் கேள்வி எழுப்புவர் என்னும் எண்ணம் அவருக்கு அன்றே இருந்தது என்பது இதனாற் புலனாகும்.

கானன் டாயில் 1892-இல் எழுதிய 'தி ஸ்பெக்கில்ட் பேண்ட்' என்னும் சிறுகதையில், பாம்பு ஒன்று சீழ்க்கை ஒலி கேட்டுத் திரும்பி வருவதாகவும் பாலுண்டு பழகியதாகவும் கூறப்படுகின்றது. பாம்பின் இயல்பு அறிந்தோர் இதனை மறுத்து வந்துள்ளனர். ஆயினும் அக்கதையின் புகழ் சிறிதும் குன்றவில்லை. மருத்துவராகிய ஆஸ்டின் ஃப்ரீமன் மற்றொரு நெறியை மேற்கொண்டார். 1907-இல் வெளிவந்த 'தி ரெட் தம்ப் மார்க்' என்னும் நாவலில், கைரேகைப் பதிவைப் போலியாகச் செய்ய இயலும் என்பதனை அவர் அடிப்படையாக்கினார். இலண்டன் காவல்துறை கைரேகைப் பிரிவைத் தொடங்கியது 1901-ஆம் ஆண்டில்தான். புதிய சான்று ஒன்றை உலகம் நம்பத் தொடங்கிய ஆறாம் ஆண்டிலேயே அதன் எல்லையை நாவலாசிரியர் ஒருவர் சுட்டிக் காட்டினார் என்பது கருதத்தக்கது.

அகதா கிறிஸ்டியின் முதல் நாவல் 1920-இல் வெளிவந்தபோது, மருந்தாளர்க்கென நடந்த இதழ் ஒன்று, நஞ்சு பற்றிய செய்திகள் பிழையின்றி அமைந்துள்ளன என்று பாராட்டியது. முதல் உலகப் போரின்போது மருத்துவமனையின் மருந்தகத்தில் பணியாற்றியவர் அவர். அப்பாராட்டைப் பெரிதும் மதித்தார். அவர் 1961-இல் எழுதிய 'தி பேல் ஹார்ஸ்' என்னும் நாவல் தாலியம் என்னும் நஞ்சின் குறிகளை விரித்துரைக்கின்றது. 1977-இல் கத்தார் நாட்டிலிருந்து இலண்டன் மருத்துவமனை ஒன்றிற்குக் கொண்டுவரப்பட்ட குழந்தையின் நோய் இன்னதெனப் புலப்படாதிருந்தபோது, அந்நாவலைப் படித்துக்கொண்டிருந்த செவிலி ஒருவர் அது தாலியத்தின் விளைவாகலாம் எனச் சுட்டினார். சோதனையில் அது மெய்யாயிற்று, குழந்தையும் பிழைத்தது. நாவலின் செய்தி உண்மையாயிருத்தல் வெறும் அணிகலன் அன்று என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

இவற்றிற்கு மாறாக, சேயர்ஸ் 1927-இல் எழுதிய 'அன்நேச்சுரல் டெத்' என்னும் நாவலில் ஊசி வழியே காற்றைச் செலுத்திக் கொல்லும் முறை வருகின்றது. அந்த அளவு காற்று உயிரைப் போக்காது என்று மருத்துவர் பலர் மறுத்துள்ளனர். இவ்வாறு பாராட்டும் மறுப்பும் பெற்று வளர்ந்ததே இந்நாவல் வகை. 1929-இல் ரொனால்டு நாக்ஸ் என்னும் பாதிரியார் துப்பறியும் கதைக்குப் பத்து விதிகள் வகுத்தார். அவற்றுள் ஒன்று, உலகம் இன்னும் அறியாத நஞ்சினைப் பயன்படுத்தலாகாது என்றும், கதையின் இறுதியில் நெடிய அறிவியல் விளக்கம் வேண்டும் கருவியைப் புகுத்தலாகாது என்றும் விலக்குகின்றது. அஃதாவது, படிப்போர்க்கும் ஆசிரியர்க்கும் இடையே ஓர் உடன்பாடு உண்டு. அவ்வுடன்பாட்டை மீறலாகாது என்பதே அவ்விதியின் கருத்து. நம் நாவல் அவ்விதி வகுக்கப்பட்ட மறு ஆண்டில் தோன்றியது.

3. நாவலின் பொருள்

கதையின் போக்கைச் சுருங்கக் காண்போம். ஜார்ஜ் ஹாரிசன் என்பவர் நடுவயதினர், மின்பொறியாளர், உண்ணத்தகும் காளான் வகைகளை ஆராய்ந்து அவற்றைப் பற்றி நூல் எழுதுபவர். அவருடைய இரண்டாம் மனைவி மார்கரெட் இளையவள். அவ்வீட்டின் மேற்பகுதியில் ஜான் மன்டிங் என்னும் எழுத்தாளனும் ஹார்வுட் லேதம் என்னும் ஓவியனும் குடியிருக்கின்றனர். லேதமும் மார்கரெட்டும் காதல் கொள்கின்றனர். ஹாரிசன் டெவன் நாட்டுப்புறத்தில் தாம் தங்கும் குடிலில் காளான் உணவு உண்டு இறந்து கிடக்கின்றார். லேதமும், அவனுடன் சென்ற மன்டிங்கும் உடலைக் காண்கின்றனர். செந்நிறக் குடையில் வெண்புள்ளிகள் கொண்ட அமனிட்டா மஸ்கேரியா என்னும் நச்சுக் காளானை, உண்ணத்தகும் அமனிட்டா ரூபசென்ஸ் எனத் தவறாகக் கொண்டு உண்டார் என்று விசாரணையில் முடிவாகின்றது.

ஹாரிசனின் மகன் பால் இம்முடிவை ஏற்கவில்லை. காளானைப் பற்றி நூல் எழுதிய தந்தையார் அத்தகைய பிழை செய்யார் என்பது அவன் துணிபு. அவன் கடிதங்களையும் வாக்குமூலங்களையும் திரட்டி வழக்குத் தொடுக்கும் அதிகாரிக்கு அனுப்புகின்றான். அவ்வாவணங்களே நாவல். முதற்பகுதிக்குத் 'தொகுத்தல்' என்றும் இரண்டாம் பகுதிக்குப் 'பகுத்தல்' என்றும் பொருள்படும் வேதியியற் பெயர்கள் இடப்பட்டுள்ளன.

இறுதியில் உண்மையைக் காட்டுவது ஒளி. 1848-இல் பாஸ்டர் கண்ட உண்மை ஒன்று இதற்கு அடிப்படை. உயிர்ப்பொருள்கள் ஆக்கும் சேர்மங்கள் பலவற்றில் அணுக்கள் வலக்கையும் இடக்கையும் போல இரு வகையாக அமையக்கூடும். உயிர் பெரும்பாலும் அவற்றுள் ஒரு வகையை மட்டுமே ஆக்கும். அதனால் அச்சேர்மம் தளமுனைவுற்ற ஒளியை ஒரு பக்கமாகச் சுழற்றும். சோதனைக் கூடத்தில் எளிய பொருள்களிலிருந்து செய்யும்போதோ இரு வகையும் ஒத்த அளவில் தோன்றும். ஒன்றன் சுழற்சியை மற்றொன்று அழித்துவிடும். இதனைச் சுழிமாய்க் கலவை என்பர். ஹாரிசனின் உணவிலிருந்து பிரித்த மஸ்கரின் என்னும் நஞ்சை அரசின் பகுப்பாய்வாளர் சர் ஜேம்ஸ் லப்பக் போலாரிமீட்டர் என்னும் கருவியில் இட்டுப் பார்க்கின்றார். ஒளி சுழலவில்லை. ஆகவே அந்நஞ்சு காளானில் விளைந்தது அன்று. சோதனைக் கூடத்துப் புட்டியிலிருந்து வந்தது. கொலை வெளிப்படுகின்றது.

4. மூவகைப் படிப்போர்

இந்நாவலைப் பற்றிய கருத்துகளை மூவகையாகப் பகுக்கலாம்.

முதல் வகையினர் புதிர் நாடுவோர். பலர் கூடி எழுதியவற்றை நீக்கினால், சேயர்ஸ் எழுதிய துப்பறியும் நாவல்களுள் பீட்டர் விம்சி என்னும் புகழ்பெற்ற துப்பறிவோன் தோன்றாதது இது ஒன்றே. அவனை எதிர்பார்த்துப் புகுவோர் ஏமாற்றம் அடைகின்றனர். கொலை நிகழும் வரை கடிதங்கள் மிக நீள்கின்றன என்றும், கொலைஞன் யாவன் என்பது வெளிப்படையாகவே தெரிகின்றது என்றும் அவர் குறை கூறுவர். இக்குறையில் உண்மை உண்டு, மறுப்பதற்கில்லை. 'யார் செய்தது' என்னும் வினாவை இந்நாவல் பெரிதாகக் கொள்ளவில்லை. 'எவ்வாறு மெய்ப்பிப்பது' என்பதே அதன் வினா. தாம் கேட்ட வினாவிற்கு விடை இல்லை என்று நூலைக் குறை கூறுமுன், நூல் எவ்வினாவை எழுப்பியது என்று காண்பது படிப்போர் கடமையாகும்.

இரண்டாம் வகையினர் இலக்கியத் தரம் நாடுவோர். 1937-இல் கியூ. டி. லீவிஸ் அம்மையார் சேயர்சின் பிற்கால நாவல்களைக் கடுமையாகத் தாக்கி எழுதினார். 1944-இல் எட்மண்ட் வில்சன், துப்பறியும் கதைகளை மக்கள் ஏன் படிக்கின்றனர் என்று வினவி ஒரு கட்டுரை வரைந்தார். படிப்போர் பலர் அவர்க்கு மடல் எழுதி, நல்ல நூல்களைப் படித்துப் பாரும் என்று வற்புறுத்தினர். அவ்வாறே சேயர்சின் 'தி நைன் டெய்லர்ஸ்' முதலியவற்றைப் படித்து 1945-இல் மீண்டும் எழுதிய வில்சன், தம் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. மணி அடிக்கும் கலை பற்றிய பக்கங்களைத் தாண்டிச் சென்றதாகவும் குறிப்பிட்டார். படிப்போர் மடல்களுக்கு அவர் மதிப்பளித்தது பாராட்டத்தக்கது. ஆயின் பக்கங்களைத் தாண்டிச் சென்று தீர்ப்பு வழங்குதல் திறனாய்வுக்கு ஒவ்வாது. அந்நாவலில் மணியே உயிர்நிலை. அதனைத் தாண்டியவர் நாவலையே தாண்டியவர் ஆவார்.

மூன்றாம் வகையினர் துறை அறிந்தோர். அவர் கருத்து ஏனைய இரண்டினும் வேறானது. அது சோதித்துப் பார்க்கத்தக்கது. எனவே அதனைத் தனியே விரிவாக ஆராய்தல் வேண்டும்.

5. வேதியியலார் எழுப்பிய தடை

மஸ்கரினை 1869-இல் ஷ்மீடெபெர்க், கோப்பே என்னும் இருவர் காளானிலிருந்து முதன்முதற் பிரித்தெடுத்தனர். ஆயினும் அதன் அணு அமைப்பு நெடுங்காலம் சரிவர அறியப்படவில்லை. கோலின் என்னும் சேர்மத்தை ஒத்த எளிய அமைப்பினது அது எனப் பலரும் கொண்டனர். அவ்வெளிய அமைப்பில் சீர்மையற்ற கார்பன் இல்லை. சீர்மையற்ற கார்பன் இல்லையாயின் வலம் இடம் என்னும் வேறுபாடும் இல்லை. இயற்கை மஸ்கரினும் ஒளியைச் சுழற்றாது. அங்ஙனமாயின் லப்பக் செய்த சோதனை எதனையும் மெய்ப்பிக்காது. குற்றவாளிக்கு எதிரான சான்று பொய்ச்சான்று ஆகிவிடும். நூல் வெளிவந்தபின் வேதியியல் அறிந்தோர் எழுப்பிய தடை இதுவே. சேயர்சும் இதனை அறிந்து கவலையுற்றார்.

ஆயின் 1957-இல் நிலைமை மாறியது. கோக்ல் முதலிய அறிஞர்களின் ஆராய்ச்சியாலும் எக்ஸ்-கதிர்ச் சோதனையாலும் மஸ்கரினின் உண்மை அமைப்பு ஐயமின்றி நிறுவப்பட்டது. அதில் சீர்மையற்ற கார்பன்கள் மூன்று உள்ளன. எனவே எட்டு வடிவங்கள் இயலும்; காளான் முதன்மையாக ஆக்குவது ஒளியை வலப்புறம் சுழற்றும் ஒரு வடிவத்தையே. நாவலின் அடிப்படை உண்மையே என்பது அது வெளிவந்து இருபத்தேழு ஆண்டுகளுக்குப் பின்னர் உறுதியாயிற்று. சேயர்ஸ் மறைந்ததும் அதே 1957-ஆம் ஆண்டின் இறுதியில் ஆகும்.

இத்துடன் செய்தி முடிந்தது என்று கொள்வோர் பலர். நாவலாசிரியர் வென்றார், வேதியியலார் தோற்றனர் என்று கூறுவதும் உண்டு. ஆழ்ந்து நோக்கின் அங்ஙனம் கூறுதல் பொருந்தாது என்பது விளங்கும். இரு செய்திகளை ஈண்டு எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஒன்று, 'செயற்கை மஸ்கரின்' என்னும் பெயரால் சோதனைக் கூடங்களில் அந்நாளில் வழங்கியது உண்மையில் மஸ்கரின் அன்று. கோலினை நைட்ரிக் அமிலத்துடன் சேர்த்துச் செய்த அப்பொருள் கோலினின் நைட்ரைட் எஸ்டர் என்பதை 1914-இலேயே யூவின்ஸ், டேல் என்னும் அறிஞர்கள் காட்டினர். ஆகவே 1930-இல் ஒரு சோதனைக் கூடத்தில் அப்பெயர் எழுதிய புட்டி இருந்திருக்கலாம். அதனுள் மஸ்கரின் இருந்திருக்க முடியாது. மஸ்கரினின் அமைப்பு உறுதியான பின்னரே அதனைச் செயற்கையாக ஆக்குதல் கைகூடியது.

மற்றொன்று, அமனிட்டா மஸ்கேரியா என்னும் காளானில் மஸ்கரின் மிகச் சிறிதளவே உண்டு. புதிய காளானில் ஏறத்தாழ 0.0003 விழுக்காடே என்பர். அக்காளான் மயக்கமும் வெறியும் தருவது, 1960-களில் பிரித்தறியப்பட்ட ஐபோட்டெனிக் அமிலம், மஸ்கிமால் என்னும் வேறு சேர்மங்களால் ஆகும். அதனை உண்டு இறத்தல் மிக அரிது. மஸ்கரின் மிகுதியாகச் சென்றால் வியர்வை பெருகும், வாயில் நீர் ஊறும், கண்மணி சுருங்கும், நெஞ்சின் துடிப்புத் தளரும். ஆகவே இன்று ஒரு தடயவியல் மருத்துவர் அவ்வுடலைச் சோதித்திருப்பின், ஒளிச் சோதனை வேண்டாமலேயே, இத்துணை மஸ்கரின் இக்காளானில் ஏது என்று வினவியிருப்பார். கொலைஞனின் சூழ்ச்சி நாவலில் காட்டப்பட்டதினும் எளிதாக வெளிப்பட்டிருக்கும்.

இவ்வரலாற்றால் அறிவது யாது? நாவலின் ஒரு சொல்லும் மாறவில்லை. ஆயினும் அதன் அறிவியல் பற்றிய தீர்ப்பு ஒரு நூற்றாண்டிற்குள் மும்முறை மாறியுள்ளது. முதலில் பிழை என்றனர். பின்னர்ச் சரி என்றனர். இன்று, ஒரு கூறு சரி, மற்றொரு கூறு பிழை என்கின்றோம். அறிவியல் வளர வளர இன்னும் மாறலாம். இவ்வாறு மாறும் ஒன்றை மட்டும் அளவுகோலாகக் கொண்டால், ஒரு நாவல் 1956-இல் தீயதாகவும் 1957-இல் நல்லதாகவும் இருந்தது என்று கூற நேரிடும். அது நகைப்பிற்கு இடமாகும்.

அதற்காக, உண்மை பற்றிய கருத்தை ஒதுக்கிவிடலாம் என்பதும் பொருந்தாது. சான்றின் வலிமையால் ஒருவனைக் குற்றவாளி என்று காட்டும் நாவல், அச்சான்றைப் பற்றி எழும் வினாவிற்கு விடை கூறும் கடப்பாடு உடையது. ஆசிரியர் தம் காலத்து அறிவை முயன்று தேடினாரா? தேடியதைப் படிப்போர்க்கு ஒளியாமல் வைத்தாரா? வைத்ததிலிருந்து முடிவு முறையாகப் பிறக்கின்றதா? இம்மூன்று வினாக்களே அறிவியற் படிப்போர் எழுப்பத்தக்கன. ஒளி சுழலாமை செயற்கையைக் காட்டும்; ஆனால் ஒளி சுழலுதல் மட்டும் இயற்கையைக் காட்டாது, சுழிமாய்க் கலவையையும் பிரிக்க இயலும் ஆதலின். நாவல் முதற்கூற்றை மட்டுமே கொண்டு முடிவு செய்கின்றது. அதன் அளவை முறை பழுதற்றது.

6. சான்றும் கதையும்

தொல்காப்பியர் உலகியல் வழக்கு, நாடக வழக்கு என இரண்டனைச் சுட்டி, இரண்டும் தழுவியதே புலனெறி வழக்கு என்பர். அவர் கூறியது அகப்பாடல் பற்றியதாயினும், அக்கருத்து இங்கும் ஒளி தருகின்றது. மஸ்கரினின் அணு அமைப்பு உலகியல். அதனைக் கதையின் பொருளோடு இணைப்பது நாடகவியல். நாவலின் மதிப்பு அவ்விணைப்பில் உள்ளது.

பெரி என்னும் பாதிரியார் வீட்டில் விருந்தொன்று நடக்கின்றது. அங்கே அறிவியலார் சிலர் உயிரின் தோற்றம் பற்றி உரையாடுகின்றனர். வாட்டர்ஸ் என்னும் வேதியியலாளர், உயிர் ஒரு பக்கம் சாய்ந்தது என்னும் உண்மையை அவ்விடத்தே விளக்குகின்றார். இப்பகுதி நீள்கின்றது என்பது படிப்போர் பலர் கூறும் குறை. நன்னூலார் கூறும் குற்றங்களுள் 'மற்றொன்று விரித்தல்' இதுவோ என ஐயுறலாம். நாக்ஸ் வகுத்த விதியும் இதற்கு எதிரானதே. ஆயினும் அவ்வுரையாடலை நீக்கினால் நாவலின் உட்பொருளே நீங்கிவிடும்.

அவ்வுட்பொருள் யாதெனின், இயற்கையும் செயற்கையும் வெளித் தோற்றத்தில் ஒன்றுபோல் இருத்தலும், அகத்தே வேறுபடுதலும் ஆகும். மார்கரெட் தன் காதலனுக்கு எழுதும் கடிதங்கள் கனன்று எரிவன. ஆயின் அக்கனல் அவள் படித்த மலிவான கதைகளிலிருந்து கடன் வாங்கியது. ஹாரிசன் சுவையற்றவர் என்றும் கடுமையானவர் என்றும் வீட்டார் எண்ணுகின்றனர். ஆயின் தம் மகனுக்கு அவர் எழுதும் மடல்களில் மனைவிபால் அவர் கொண்ட அன்பும், அதனை வெளிப்படுத்த அறியாத துன்பமும் புலனாகின்றன. அவ்வீட்டில் உடனுறையும் அகதா மில்சம் தன் தமக்கைக்கு எழுதும் கடிதங்களில் ஹாரிசனைக் கொடியவராகக் காட்டுகின்றாள். மன்டிங்கின்மேலும் தவறாகப் பழி சுமத்துகின்றாள். ஒவ்வொருவர் எழுத்தும் உண்மையை ஒரு பக்கமாகத் திருப்பிக் காட்டுகின்றது. அக்கடிதங்களை நீளம் என்று தள்ளுவோர், ஒளிச் சோதனையின் முன்னுரையையே தள்ளுகின்றனர்.

சிலப்பதிகாரத்தில் சிலம்பு இரண்டும் புறத்தே ஒத்திருந்தன. ஒன்றனுள் முத்து இருந்தது. மற்றொன்றனுள் மாணிக்கம் இருந்தது. உடைத்த பின்னரே வேற்றுமை விளங்கியது; அதற்குள் கோவலன் உயிர் நீங்கிவிட்டது. அச்சான்று குற்றமற்றவனின் பெருமையை நிலைநாட்டிற்று. இந்நாவலின் சான்றோ குற்றமுடையவனைக் காட்டிக் கொடுக்கின்றது. இரண்டிலும் புறத்தோற்றத்தை நம்பி வழங்கிய முதல் தீர்ப்புப் பொய்யாகின்றது.

இத்தொடர்பில் உலகில் நிகழ்ந்த வழக்கு ஒன்று நினைவிற்குரியது. 1922-இல் இலண்டனை அடுத்த இல்ஃபர்டில் பெர்சி தாம்சன் என்பவரை அவர் மனைவி ஈடித்தின் காதலன் பைவாட்டர்ஸ் குத்திக் கொன்றான். ஈடித் அவனுக்கு எழுதிய கடிதங்கள் நீதிமன்றத்தில் படிக்கப்பட்டன. கணவனுக்கு நஞ்சும் கண்ணாடித் தூளும் கொடுத்ததாக அவற்றில் குறிப்புகள் இருந்தன. உடலைச் சோதித்த பெர்னார்ட் ஸ்பில்ஸ்பரி அவற்றின் அடையாளம் எதனையும் காணவில்லை. ஆயினும் நடுவர் குழு கடிதங்களையே நம்பியது. 1923 சனவரி 9-ஆம் நாள் இருவரும் தூக்கிலிடப்பட்டனர். சேயர்ஸ் தம் நாவலின் முக்கோணத்தை இவ்வழக்கினின்றும் பெற்றார் என்பது ஆராய்ச்சியாளர் கருத்து.

இதனை எண்ணும்போது, படிப்போர் கருத்து என்பது பொழுதுபோக்குச் செய்தி அன்று என்பது தெளிவாகும். அந்நடுவர் பன்னிருவரும் படிப்போரே. கதை படித்துக் கதைபோல் எழுதிய ஒருத்தியின் கடிதங்களை அவர் மெய்ச்செய்தியாகக் கொண்டனர். தடயச் சான்று கூறியதைக் கேளாது விட்டனர். எழுத்தில் எது உணர்ச்சி, எது நிகழ்ச்சி என்று பிரித்தறியாத வாசிப்பு ஓர் உயிரைப் போக்கிற்று. சேயர்ஸ் தம் நாவலில் இதனைத் தலைகீழாக்கினார். அங்கும் கடிதங்கள் உள்ளன. அவை யாவும் ஐயத்திற்குரியன. தீர்ப்பை முடிவு செய்வது கடிதம் அன்று. ஒரு கண்ணாடிக் குழாய் வழியே செல்லும் ஒளி. மன்டிங்கின் தடுமாற்றமும் இங்குக் கருதத்தக்கது. லேதம் அவன் நண்பன், சிறந்த ஓவியன். அவனைக் காட்டிக் கொடுக்க மன்டிங் விரும்பவில்லை. ஆயினும் விருந்தில் கேட்ட உண்மையைக் கேளாததுபோல் இருக்கவும் அவனால் இயலவில்லை. அறிவு வந்தபின் நட்பு அடைக்கலம் ஆகாது என்னும் அவலத்தை நாவல் அமைதியாகக் காட்டுகின்றது.

குறைகளும் இல்லாமல் இல்லை. விருந்தில் விளக்கப்பட்ட உண்மை சோதனைக் கூடத்தில் மீண்டும் விளக்கப்படுவது 'கூறியது கூறல்' என்னும் குற்றத்தின்பாற் படும். மார்கரெட்டின் உள்ளம் கடிதங்களின் வழியே மட்டும் காட்டப்படுவதால், அவள் மீது ஆசிரியர்க்குப் பரிவு குறைவோ என்னும் ஐயமும் எழுகின்றது. ஈடித் தாம்சனுக்கு நடுவர் இழைத்த தீங்கை நினைவோர்க்கு இது நெருடலாகவே அமையும். துப்பறியும் கதை இலக்கியத்தின் மிக உயர்ந்த நிலையை எட்டுதல் அரிது என்று சேயர்சே 1928-இல் தாம் தொகுத்த கதைத்தொகுதியின் முன்னுரையில் கருதினார். அவ்வெல்லையைக் கடக்க அவர் செய்த முயற்சியாக இந்நாவலைக் கொள்ளலாம். முழுதும் கடந்தார் எனல் ஆகாது. எல்லையில் நின்று அப்பால் நோக்கினார் எனலாம்.

7. முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் பெறப்படும் முடிவுகள் இவை. படிப்போர் கருத்துகளைச் சுவை, அமைப்பு, உண்மை என்னும் மூன்றாகப் பகுத்து எடைபோடுதல் வேண்டும். அவற்றுள் உண்மை பற்றிய கருத்து மிக்க மதிப்புடையது. ஆயின் அதுவும் காலத்தால் மாறுவது. நாவலாசிரியர் தம் காலத்து அறிவிற்கு நேர்மையாக நடந்தாரா என்பதே அதனால் அளக்கத்தக்கது. அவ்வறிவை மாந்தர் வாழ்வோடு பிரிக்க இயலாதவாறு பிணைத்தாரா என்பதே நாவல் நயத்தை அளப்பது. 'வழக்கின் ஆவணங்கள்' என்னும் நாவல் அறிவியலில் ஓரளவு பிழைத்தும், பிணைப்பில் பெரிதும் வென்றும் நிற்கின்றது.

தமிழில் துப்பறியும் நாவல்களைப் படிப்போர் மிகப் பலர். ஆராய்வோர் மிகச் சிலர். மருத்துவம், வேதியியல், சட்டம் முதலிய துறைகளைக் கற்ற தமிழறிஞர் தாம் படிக்கும் நாவல்களைப் பற்றித் தம் துறையறிவு கொண்டு கருத்துரைப்பின், அஃது எழுதுவோர்க்கும் ஆராய்வோர்க்கும் பெரும்பயன் தரும். அவ்வாறு கருத்துரைக்கும்போது, பிழை கண்ட இடத்தில் நூலை மூடிவிடாமல், அப்பிழையையும் தாங்கி நூலை நிற்கச் செய்வது யாது என்று மேலும் ஒரு முறை நோக்குதல் நலமாம்.